காலி ஃபோல்டரில் பதினொரு பாடங்கள்

அந்த இளம்தாய் ஒலி நூலகத்துக்குள் நுழையும்போதே சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டுதான் வந்தாள். வரிந்து கட்டிய இடுப்பில் ஒரு குழந்தை வேறு உட்கார்ந்திருந்தது.

"மேடம், நான் என்ன ஊமையா? அரை மணி நேரம் தொண்டை வறளப் படிச்சு அனுப்பறேன், 'உங்கள் பதிவு காலி'ன்னு பதில் வருது. ஒரு தடவையில்ல, ரெண்டு தடவை!"

கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தவள், இந்த மாதிரி வேளைகளுக்கென்றே வைத்திருந்த இதமான குரலை எடுத்தாள். "பரவாயில்லம்மா, எல்லாருக்கும் நடக்கறதுதான். ரெக்கார்ட் பட்டனை முதல் தடவை அழுத்தினா கருவி தயாராகும், அவ்வளவுதான். ரெண்டாவது தடவை அழுத்தினாத்தான் ஓடும். புதுசா வர்றவங்க பாதிப் பேரு இதுலதான்..."

"பட்டன் அழுத்தத் தெரியாமலா நான் வந்திருக்கேன்? இந்தாங்க, கேளுங்க." தன் செல்போனை மேசைமேல் வைத்தாள். "உங்களுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி இதுல ஒரு பிரதி எடுத்து வெச்சேன். நான் ஒண்ணும் இளிச்சவாய் இல்ல."

குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்த குரல் அது. ரகசியம் சொல்வதுபோல் தணிந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் கழுவி வைத்த மாதிரி தெளிவு. கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தவள் ஒரு நிமிடம் கேட்டாள். பிறகு இன்னொரு நிமிடம் கேட்டாள். இதமான குரல் எங்கோ போய் ஒளிந்துகொண்டது.

பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்து தரும் நூலகம் அது. நாற்பது பேர் சம்பளமில்லாமல் படித்துத் தருகிறார்கள். எல்லோருடைய பதிவும் ஒரு ஃபோல்டரில் வந்து விழும். கம்ப்யூட்டருக்கு அவள் நிரலாக எழுதிவைத்த ஸ்கிரிப்ட் ஒன்று ஒவ்வொன்றாக எடுத்து, காலியா என்று பார்த்து, காலியில்லை என்றால் சத்தத்தைச் சமன் செய்து, சின்ன அளவுக்கு மாற்றி மாணவர்களுக்கு அனுப்பிவிடும். காலியென்றால் 'காலி' என்றே பெயரிட்ட ஃபோல்டரில் தள்ளிவிட்டு, படித்தவருக்கு ஒரு செய்தியும் போட்டுவிடும். மனிதர் யாரும் கை வைக்கத் தேவையில்லை. அதுதான் அதன் பெருமை. அவளுடைய பெருமையும்கூட.

இளம்தாயை ஒரு மணி நேரத்தில் சரிசெய்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டு ஸ்கிரிப்டைத் திறந்தாள். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எந்த வரி என்று கைக்குத் தெரிந்திருந்தது.

முதலில் அவள் எழுதியது இப்படி: பதிவு ஐந்து விநாடிக்குக் குறைவாக இருந்து, சத்தமும் குறைவாக இருந்தால், அது காலி. இரண்டும் சேர்ந்தால்தான். கை தவறிப் பட்டனில் பட்டவையெல்லாம் அதில் மாட்டும். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. போன வருஷம் யாரோ மைக் வயரைச் சொருகாமலே நாற்பது நிமிடம் படித்து அனுப்பினார்கள். நீளமான பதிவு என்பதால் ஸ்கிரிப்ட் விட்டுவிட்டது. ஒரு மாணவர் பாடம் எப்போதாவது ஆரம்பிக்கும் என்று நம்பி நாற்பது நிமிட மௌனத்தையும் முழுசாகக் கேட்டுவிட்டு ஃபோன் செய்தார். நூலகச் செயலாளர் அவளைக் கூப்பிட்டு, "இதுகூடப் பார்க்காதுன்னா உங்க மிஷின் எதுக்கு?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. சாப்பாட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது 'இரண்டும்' என்பதை 'இரண்டில் ஒன்று' என்று மாற்றினாள். குறைந்த நேரம் இருந்தாலும் காலி, குறைந்த சத்தம் இருந்தாலும் காலி. மைக் சொருகாத பதிவைப் போட்டுப் பார்த்தாள், பிடித்துவிட்டது. சாப்பிடப் போய்விட்டாள்.

மெதுவாகப் பேசுகிற மனிதரின் பதிவைப் போட்டுப் பார்க்கவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், தணிந்த குரலைத் தூக்கிக் கொடுக்கும் வேலையும் அதே ஸ்கிரிப்டில் இருந்தது, அதற்கு அடுத்த வரியிலேயே. ஆனால் முந்தின வரியைத் தாண்டினால்தானே அடுத்த வரி?

இனி எப்படி இருக்க வேண்டும் என்று அவள் யோசித்து எழுதினாள். குறைந்த நேரமும் குறைந்த சத்தமும் சேர்ந்தால் காலி. நீளமான பதிவென்றால், ஆரம்பம் முதல் கடைசிவரை ஓரிடத்தில்கூட ஒலி எழும்பாமல் இருந்தால் மட்டும் சந்தேகம். சந்தேகம்தான், தீர்ப்பில்லை, ஒருவர் காது கொடுத்துக் கேட்ட பிறகே செய்தி போகும். பத்து நிமிட வேலை. சரிபார்க்க 'காலி' ஃபோல்டரைத் திறந்தாள். திறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அறுபத்துமூன்று பதிவுகள் இருந்தன. இரண்டு விநாடி, மூன்று விநாடி, இருமல், கதவுச் சத்தம். கடைசியில் அந்த இளம்தாயின் இரண்டு. நடுவில் வரிசையாகப் பதினொன்று, ஒவ்வொன்றும் அரை மணிக்குக் குறையாதவை. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவளே போட்டுக் கொடுத்த புனைபெயர் இருந்தது: மீட்டர்.

பதினொன்றையும் விரல் வைத்து எண்ணினாள்.

மீட்டர் என்பது அவளுடைய சித்தப்பா. முப்பது வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் ஓடும் எண்ணைப் பார்த்து அட்டையில் குறித்தவர். ஒரு எண் தப்பாகக் குறித்தார் என்று ஒரு வீட்டுக்காரர்கூடச் சொன்னதில்லை என்பதுதான் அவர் சேர்த்துவைத்த சொத்து. ஓய்வுக்குப் பிறகு தொண்டையில் ஒரு ஆபரேஷன். குரல் பாதியாகிவிட்டது. "பாதி சம்பளம், பாதிக் குரல். பென்ஷன்னா எல்லாத்துக்கும்தான் போல" என்பார். அவள்தான் நூலகத்துக்குக் கூட்டிவந்தாள். பொருளாதாரப் புத்தகத்தில் மற்றவர்கள் கண்டாலே ஓடுகிற அட்டவணைகளை அவர் நிதானமாக, வரி வரியாக, எண் எண்ணாகப் படித்தார். பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொல்கிற மாதிரி இருக்கிறது என்று மாணவர்கள் எழுதினார்கள். அப்போது அந்த வரி இன்னும் மாறியிருக்கவில்லை.

மாறிய பிறகு அவர் வீட்டில் பதிந்து கொண்டுவந்த முதல் மெமரி கார்டில் நான்கு பதிவு. நான்கும் காலி என்றது ஸ்கிரிப்ட்.

"பொடி, நான் வீட்ல போட்டுக் கேட்டுட்டுதானே கொண்டாந்தேன்?" என்றார். நாற்பது வயது தாண்டியும் அவருக்கு அவள் பொடிதான்.

"அது போன மாசத்துக் கார்டா இருக்கும் சித்தப்பா. ரெண்டும் ஒரே மாதிரி இருக்குல்ல? பரவாயில்ல, திரும்பப் படிச்சுக்கலாம்." இதமான குரல். அதற்குள் அலுவலகத்தில் கார்டை வழக்கம்போல் அழித்து அவர் கையில் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

இரண்டாவது கார்டில் நான்கு. மூன்றாவதில் மூன்று. ஒவ்வொரு தடவையும் அவள் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவரும் அந்த இளம்தாயைப்போல் மேசையைத் தட்டியிருப்பார். மீட்டர் விஷயத்தில் யாருக்கும் வளைந்துகொடுக்காத மனிதர். அவள் தோளைத் தொட்டு, "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான் சித்தப்பா" என்றாள். அந்த அன்புக்கு எதிராக எப்படிச் சண்டை போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சித்தியிடம் சொன்னாள். நல்லதற்குத்தான் சொன்னாள். சித்தி மகனுக்குச் சொல்ல, மகன் தன் தங்கைக்குச் சொல்ல, எல்லோருமாகச் சேர்ந்து டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டர் ஞாபகத்தைச் சோதிக்க ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். "எத்தனை மணி வைக்கட்டும்? உங்க கடிகாரம் ரெண்டு நிமிஷம் பின்னாடி ஓடுது, அதை வைக்கவா, சரியானதை வைக்கவா?" என்று சித்தப்பா கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பதினொரு காலிப் பதிவு என்று மகன் எடுத்துச் சொன்னதும் டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு, மறதி நோயின் ஆரம்ப நிலையாக இருக்கலாம், கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஸ்கூட்டர் சாவி மகனிடம் போயிற்று. அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவு. குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார்கள். அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் பொது மீட்டரை மாதாமாதம் பார்த்துக் குறித்துவந்ததையும் அவரே விட்டுவிட்டார். தப்பாகிவிட்டால் அக்கம்பக்கத்தார் முகத்தில் எப்படி விழிப்பது? ஏழு மாதத்துக்கு முன்னால் பதிவுக் கருவியை அதன் அட்டைப் பெட்டியிலேயே போட்டு, வயரை அழகாகச் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "வேற யாராவது நல்லவங்களாப் பார்த்துக் கொடும்மா."

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

முதல் நான்கிலும் பாடம் மட்டும் இருந்தது. ஐந்தாவதில் பாடத்துக்கு முன்னால் வேறு ஏதோ இருந்தது. "இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. மணி பத்து பன்னிரண்டு. கருவியில நம்பர் ஓடுது. இருபத்தொண்ணு, இருபத்திரண்டு, இருபத்துமூணு. சரி. பொருளாதாரம், ஆறாம் பாடம்."

ஆறு, ஏழு, எட்டு எல்லாவற்றிலும் அப்படியே கிழமை, மணி, ஓடும் எண். மீட்டர் அட்டையில் குறிக்கிற மாதிரி.

ஒன்பதாவதில், "சாட்சிக்கு என் வீட்டம்மா பக்கத்துல இருக்காங்க. ஓடுதா பாரு." தூரத்திலிருந்து சித்தி: "ஓடுது, ஓடுது. படிங்க. எனக்கு வேலை கிடக்கு."

பதினொன்றாவது பாடம் முடிந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. புத்தகத்தை மூடும் சத்தம். ஒரு செருமல்.

"பொடி, இது உனக்குக் கேக்குதாம்மா?"

அதற்கப்புறம் எட்டு விநாடி எதுவும் இல்லை. பதில் வரும் என்று காத்திருப்பவர்போல. பிறகு பட்டனை அழுத்தும் சத்தம்.

அவள் ஹெட்போனைக் கழற்றாமல் அந்த எட்டு விநாடியைத் திரும்பவும் போட்டுக் கேட்டாள். செயலாளர் எட்டிப் பார்த்து, "அந்தம்மா பிரச்சனை முடிஞ்சுதா?" என்றார். முடிந்தது என்றாள். "சபாஷ்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு லேப்டாப்பையும் பெட்டியோடு பதிவுக் கருவியையும் பையில் போட்டுக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த சித்தி, "என்னடி, முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு?" என்றாள். சித்தப்பா சன்னலோர நாற்காலியில் இருந்தார். மெலிந்திருந்தார். பேப்பர் மடியில் மடித்தபடியே கிடந்தது.

உட்காராமலே சொல்லிவிட்டாள். சுற்றி வளைத்தால் வாய் வராமல் போய்விடும் என்று பயம். "சித்தப்பா, நீங்க படிச்சது எதுவுமே காலியில்ல. பதினொண்ணும் முழுசா இருக்கு. தப்பு என்னுது. என் ஸ்கிரிப்ட்ல."

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "உன் சித்தி சொல்லச் சொன்னாளா? ரெண்டு நாளா நான் சரியாச் சாப்பிடலைன்னு புகார் பண்ணியிருப்பா."

"இல்ல சித்தப்பா, நிஜமா."

"நல்ல மனசுடி உனக்கு. எப்பவுமே."

அந்த வார்த்தை அவளைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. லேப்டாப்பைத் திறந்து ஒன்பதாவது பதிவைப் போட்டாள். அவர் குரல் வந்தது. சாட்சி வந்தது. 'ஓடுது, ஓடுது' என்று சித்தி குரல் அறையில் கேட்டதும், கையில் காபியோடு நின்ற சித்தி அப்படியே நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பார்த்தேன்டி," என்றாள் சித்தி. "என் ரெண்டு கண்ணால பார்த்தேன். பார்த்துட்டு, அனுப்பும்போது எதையோ அழுத்திக் கெடுத்துட்டார்னு நினைச்சேன். நீ படிச்சவ, தப்பாச் சொல்லமாட்டேன்னு..." முடிக்காமல் காபியை மேசையில் வைத்தாள். தளும்பியது. "இந்த மனுஷனைத் தாழ்ப்பாள் போட்டுக் குளிக்க விடலியேடி நான்!"

சித்தப்பா பதிவு முடியும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டார். அட்டவணை வந்த இடத்தில் உதடு அசைந்தது. பிறகு, "எந்த வரி? காட்டு" என்றார்.

காட்டினாள். பழைய வரி, அவள் கெடுத்த வரி, நேற்று திருத்திய வரி மூன்றையும் வரிசையாக வைத்து விளக்கினாள். பாதி சொல்வதற்குள் கையை உயர்த்தினார்.

"அதாவது, ரெண்டுல ஒண்ணு இருந்தாலே போதும்னு எழுதிட்டே. நேரம் எவ்வளவு இருந்தாலும் சரி, மெதுவாப் பேசினா ஆள் காலி."

"ஆமா சித்தப்பா."

"நான் கத்தியிருக்கணும்."

"கத்தியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

"தொண்டை இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"பாடம் மிச்சம் இருக்கு சித்தப்பா. கருவியை எடுத்துட்டு வந்திருக்கேன். அந்தப் பசங்க இன்னும் உங்களைத்தான் கேக்கறாங்க." தான் வந்தது எதற்கென்று இப்போதுதான் அவளுக்கே முழுசாகத் தெரிந்தது. அவர் பெட்டியை வாங்கிப் பிரித்துவிட்டால், வயரைச் சொருகிவிட்டால், எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அவர் பையைப் பார்த்தார். கை நீட்டவில்லை.

"இந்த ஏழு மாசத்துல நான் நிஜமாவே மறந்ததும் இருக்கு பொடி. கண்ணாடியை ஃப்ரிட்ஜில வெச்சேன். பக்கத்து வீட்டுக்காரர் பேரு ஒரு நாள் பூரா வரல. பயத்துல வந்ததா, தானா வந்ததான்னு தெரியல. அதுல எது உன் மிஷின் பண்ணது, எது நான் பண்ணது? பிரிச்சுச் சொல்ல முடியுமா உன்னால?"

அவளால் முடியவில்லை. நேற்று ஒரு வரியைப் பத்து நிமிடத்தில் திருத்தியவளுக்கு, இதில் எது எந்த வரி என்று தெரியவில்லை.

"அப்ப ஒண்ணு பண்ணு. எழுதிக் கொடு" என்றார். "மகனுக்கு ஒண்ணு, மகளுக்கு ஒண்ணு, அந்த டாக்டருக்கு ஒண்ணு. ஃபோன்ல சொன்னா சமாதானத்துக்குச் சொல்றேன்னு நினைப்பாங்க, நான் நினைச்ச மாதிரியே. கையால எழுது."

சித்தி தாளும் பேனாவும் கொண்டுவந்தாள். அவள் மேசையில் உட்கார்ந்து எழுதினாள். நிரலில் ஏற்பட்ட கவனக்குறைவான பிழை காரணமாக, என்று ஆரம்பித்தாள். சித்தப்பா தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார்.

"அடி. அதை அடி."

"எதை?"

"கவனக்குறைவுங்கறதை. ஒரு வரி தப்பா எழுதறது யாருக்கும் வரும். நானே அட்டையில எழுதிட்டு, திரும்பப் போய் மீட்டரைப் பார்த்துத் திருத்தியிருக்கேன். நீ திரும்பப் போய்ப் பார்க்கல. பதினொண்ணுல ஒண்ணையாவது போட்டுக் கேட்டியா?"

"கேக்கல சித்தப்பா."

"அதை எழுது."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. நான் ஒன்றைக்கூடக் கேட்டுப் பார்க்கவில்லை என்று எழுதினாள். எழுதும்போது எழுத்து கோணிற்று. அதைப் பார்த்து இன்னும் இரண்டு பிரதி எடுத்தாள். அவர் மூன்றையும் வாங்கி மேசையில் அடுத்தடுத்து வைத்து, விரலை வரிக்கு வரி நகர்த்திச் சரிபார்த்தார்.

"டாக்டருக்கு உள்ளதுல பத்துன்னு எழுதியிருக்கே. பதினொண்ணு."

திருத்திக் கொடுத்தாள். சித்தி உறையில் போட்டு ஒட்டினாள். பதிவுக் கருவி பையிலேயே இருந்தது. அதைப்பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

"தெருமுனைலதானே தபால் பெட்டி? நீங்களே போய்ப் போட்டுட்டு வாங்களேன்" என்றாள் சித்தி. ஏழு மாதத்தில் முதல் தடவையாக அப்படி ஒரு வார்த்தை.

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். வாசல்வரை போய் நின்றார். "நீயும் வா பொடி."

தெரு வெறிச்சென்றிருந்தது. இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு சைக்கிளுக்கு வழிவிட்டு, ஒழுங்காகத்தான் கடந்தார். பெட்டிக்கு முன்னால் நின்று உறைகளை ஒவ்வொன்றாகப் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. உள்ளே விழும் சத்தம் மூன்று தடவையும் கேட்டது.

திரும்பி நாலு வீடு நடந்திருப்பார்கள். அவர் நின்றார்.

"மூணும் போட்டேனா?"

போட்டீங்க சித்தப்பா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அதே இதமான குரலில். அவள் அதை விழுங்கினாள். இவளுடைய வார்த்தையை நம்பித்தானே அந்த மனிதர் இந்த நிலைக்கு வந்தார்?

"நீங்க சொல்லுங்க சித்தப்பா. எத்தனை போட்டீங்க?"

அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். அதில் எதுவும் இல்லை.

"மூணுன்னுதான் நினைக்கிறேன்" என்றார்.

முப்பது வருஷத்தில் ஒரு வீட்டு வாசலில்கூட அவர் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். அவள் தலையாட்டினாள். இரண்டு பேரும் மெதுவாக நடந்தார்கள். வீட்டு வாசலில் சித்தி இவர்களைப் பார்த்தபடி நின்றிருந்தாள். கூப்பிடவில்லை, ஆனால் உள்ளேயும் போகவில்லை.